காஷ்மீரித் தலைப்பின் கீழ் மங்கோலியம்

போன மாதம் ஒரு அழைப்பிதழ் வேலையாக, பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிற ஒரு கணினி அச்சகத்துக்குப் போயிருந்தேன். நான் பழைய கம்பாசிட்டர் என்று தெரிந்ததும் அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதில் ஒரு பெண், நீங்கள் அச்சுக் கோத்ததிலேயே கஷ்டமான வேலை எது என்று கேட்டாள். வாக்காளர் பட்டியல் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள் போல. மங்கோலிய மொழியும் காஷ்மீரி மொழியும் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்துப் பையனைப் பார்த்தாள். பாட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன், படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

திண்டுக்கல்லில் நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் எழுத்துப் பெட்டிகளும் மிதி இயந்திரமும் இருந்தன, அங்கே ஆண்கள். பின்னறையில் தாள் மடிப்பு, அங்கே பெண்கள். மேட்டுப்பட்டியிலிருந்து நடந்து வந்து, மூங்கில் பட்டையால் நாள் முழுக்கத் தாளை நீவி மடித்துவிட்டுப் போவேன். பதினெட்டு வயது. மடிப்பு வேலையில் மூளைக்கு எதுவும் இல்லை, வாய்க்குத்தான் வேலை. மற்ற பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு ஓடிவிடுவேன். அப்போது பழைய தமிழ் எழுத்து. றா, னை என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஈய எழுத்து உண்டு, பெட்டியில் தனிக் குழி உண்டு. அச்செழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திரும்பித்தான் இருக்கும். அதைத் தலைகீழாகப் பிடித்து, இடமிருந்து வலமாகப் படிக்கப் பழக வேண்டும். எனக்கு அது ஒன்றரை வருஷத்தில் வந்தது. எப்படி வந்தது என்றால், போர்மேன் சவரிமுத்து அண்ணன் கண்டும் காணாமல் விட்டதால் வந்தது.

சவரிமுத்து அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்தம் போட்டு ஒருவரையும் திட்ட மாட்டார். காலையில் வரும்போதே சட்டைப் பையில் வறுத்த கடலை கொண்டுவருவார். புரூஃப் படிக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு கடலையாக உடைத்துத் தின்பார். ஒரு பிழை கண்ணில் பட்டால் அந்தக் கடலையின் தோட்டை எடுத்து, கோத்தவனின் எழுத்துப் பெட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சாயங்காலம் எவன் பெட்டியில் தோடு அதிகமோ அவன் கூட்டிப் பெருக்க வேண்டும். கட்டபொம்மன் மாதிரி மீசை வைத்த ஆண்களெல்லாம் இவர் தோட்டைப் பார்த்து நடுங்குவார்கள். நான் சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாகக் கோத்த முதல் பத்து வரிக்கு அவர் வைத்த தோடுகளை ஒரு உள்ளங்கையில் அள்ள முடியவில்லை. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். மடிப்பு அறைப் பெண்ணுக்கு யாராவது தோடு வைப்பார்களா? என்னையும் கம்பாசிட்டராக மதித்துத்தானே வைத்திருக்கிறார்.

என்னை முன்னறைக்கு மாற்றலாம் என்று அண்ணன் முதலாளியிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். முதலாளி ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். பெண்பிள்ளை எழுத்துப் பெட்டி முன்னால் நிற்பதாவது. முதலாளி கெட்டவர் இல்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிறகு அவரே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆளிடம் முதல் வார்த்தையே முடியாது என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் மங்கோலிய சாமி வந்தார்.

அவர் பெல்ஜியம் நாட்டுக்காரர். பெயர் எங்கள் வாயில் நுழையாது. மங்கோலியர்கள் வாழும் புல்வெளிப் பக்கம் இருபது வருஷம் கத்தோலிக்கக் குருவாக இருந்துவிட்டு, அங்கே ஆட்சி மாறி வெளியேற்றப்பட்டு, எப்படியோ சுற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தவர். அதனால் ஊர் முழுக்க மங்கோலிய சாமி. ஆறடிக்கு மேல் உயரம், பாட்டில் அடிப்பாகம் போன்ற கண்ணாடி. தமிழைப் புத்தகம் பார்த்துப் படித்தவர், ஆகையால் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். டீக்கடையில் போய் "ஐயா, தாங்கள் எனக்கு ஒரு குவளை அளிப்பீர்களா" என்று கேட்கிற மனிதர். இருபது வருஷம் பேசிய பாஷையை இனிப் பேச ஆள் இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு உண்டு. சில நாள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து மங்கோலியத்தில் எண்ணிக்கொண்டிருப்பார் என்று மாதா கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை சொல்வார்.

அப்படி இருந்தவருக்கு ஒரு சால்வை வியாபாரி கிடைத்தார். குலாம் பாய். காஷ்மீரத்துக்காரர். பனிக்காலம் வந்தால் கீழே இறங்கி வந்து, பேகம்பூரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, கொடைக்கானல் வரைக்கும் சால்வை விற்றுவிட்டு, இங்கே வெயில் ஏறினதும் ஊருக்குத் திரும்புவார். ஒருநாள் சாமியாரிடம் சால்வையை விரித்துக் காட்டிக்கொண்டே தன் வீட்டைப் பற்றி அரைகுறைத் தமிழில் பேசியிருக்கிறார். வீட்டுக்கு அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார், அது "கர" என்பதுபோலக் கேட்டது. மங்கோலியர்கள் தங்கள் கூடார வீட்டை "கெர்" என்பார்கள். சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சால்வையை மறந்துவிட்டு, கைக்கு என்ன சொல்வீர்கள், நிலாவுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்க ஆரம்பித்தவர்தான், மூன்று பனிக்காலம் கேட்டார். கேட்டதையெல்லாம் துண்டுத் தாளில் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிக்கொண்டு எங்கள் அச்சகத்துக்கு வந்துவிட்டார். மங்கோலியத்தையும் காஷ்மீரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சிறு புத்தகம். அதுவும் தமிழ் எழுத்தில், தமிழ் அர்த்தத்தோடு. இதை யார் படிப்பார்கள் என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். இந்த ஊரில் அச்சாகும் நூல் இந்த ஊராருக்கு விளங்க வேண்டாமா என்றார் சாமி. முதலாளி டின்னை வாங்கி வைத்துக்கொண்டார்.

முன்னறையில் இருந்த நாலு கம்பாசிட்டர்களும் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். தமிழ் என்றால் கண் முன்னால் ஓடும், கை பின்னால் ஓடும். இது எழுத்து எழுத்தாகப் பொறுக்குகிற வேலை. ஒரு பக்கம் கோக்கிற நேரத்தில் மூன்று நோட்டீஸ் முடித்துவிடலாம். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒருவருக்குக் கண்வலி, ஒருவருக்குத் தங்கை கல்யாணம்.

சவரிமுத்து அண்ணன் முதலாளி மேசைக்குப் போனார். "மொதலாளி, இந்தப் பாஷை இவங்க நாலு பேத்துக்கும் தெரியாது, அந்தோணிக்கும் தெரியாது. தெரியாததுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?"

முதலாளி கணக்கு நோட்டை மூடினார். அந்தோணியம்மாள் ஆகிய என்னைக் கூப்பிட்டார்.

"கோத்துப் பாரு. புத்தகம் சுத்தமா முடிஞ்சா நீ கம்பாசிட்டரு. ஒரு பாரம் பாழானாலும் அன்னைக்கே மடிப்பு ரூமுக்குத் திரும்பிரணும். சம்மதமா?"

பாரம் என்றால் ஒரே தடவையில் அச்சாகிற பக்கங்களின் கட்டு. எங்கள் இயந்திரத்துக்கு நாலு பக்கம். சம்மதம் என்று தலையாட்டிவிட்டேன். முதலாளியின் வார்த்தை எப்படிப்பட்டது என்று தெரிந்தும் ஆட்டினேன். அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினேன்.

வேலை இப்படி. பக்கத்துக்கு மூன்று பத்திகள். முதல் பத்தியில் தமிழ், நடுவில் மங்கோலியம், வலதுகோடியில் காஷ்மீரி. சாமியின் துண்டுத் தாளில் மங்கோலியம் சிவப்பு மையில் இருக்கும், காஷ்மீரி நீல மையில். இரண்டு பாஷையிலும் நம் எழுத்தில் அடங்காத ஓசைகள் உண்டு. நாக்கு நுனியைப் பல்லில் தட்டி இழுக்கிற ஒரு ‘ச’, வண்டு ரீங்காரம் போட்ட மாதிரி ஒரு ‘ஜ’. இவற்றின் தலையில் ஒரு சிறு கோடு, ஒரு புள்ளி வேண்டும் என்றார் சாமி. அப்படி எழுத்துக்கு மதராசுக்கு எழுதினால் வர ஆறு மாதம் ஆகும். அண்ணன் நேரே ஒரு பூட்டு ஆசாரி வீட்டுக்குப் போனார். மாங்காய்ப் பூட்டுக்குள் நெல்மணி அளவு நெம்புகோலை அரத்தால் அராவுகிறவருக்கு, ஈயத்தில் ஒரு புள்ளி வைப்பது பெரிய காரியமா? இரண்டே நாளில் ஒரு தீப்பெட்டி நிறையச் செய்து கொடுத்துவிட்டு, இந்த எழுத்துக்குச் சாவி வேண்டாமா என்று கேட்டுச் சிரித்தார்.

பெரிய தட்டுப்பாடு ஹ் என்ற எழுத்துக்கு. தமிழில் அது எங்கே வருகிறது? எங்கள் பெட்டியில் அதன் குழியில் ஒரு கைப்பிடிதான் கிடந்தது. மங்கோலியமோ அந்த ஹ்-ஐத்தான் தின்று உயிர் வாழ்ந்தது. அதிலும் செய்வது, போவது என்று வினைகள் வந்த பக்கங்களில் ஒவ்வொரு வார்த்தையின் வாலிலும் ஒரு ஹ். வா என்பதற்கு இரெஹ், போ என்பதற்கு யவஹ், எழுது என்பதற்குப் பிச்சிஹ். இரண்டு பக்கம் கோப்பதற்குள் குழி காலி. அடுத்த பெட்டியில் கடன், இயந்திரத்துக்கு அடியில் விழுந்ததைத் தேடல், உடைந்ததைத் தேய்த்து நிறுத்தல் எல்லாம் நடக்கும். காஷ்மீரி சாதுவாக ன்-ல் முடிந்துவிடும். யுன், கருன், லேகுன். அந்தக் குழி நிறைய இருந்தது, கவலையே இல்லை. இரண்டு மாதத்தில் எனக்கு அந்தப் பாஷைகளில் ஒரு கும்பிடு போடக்கூடத் தெரியாது. ஆனால் எந்தப் பாஷை எந்தக் குழியைக் காலி செய்யும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

சாமியும் குலாம் பாயும் புரூஃப் பார்க்க மாலை நேரம் வருவார்கள். பாய்க்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சாமி படிப்பார், பாய் காதால் கேட்டுத் தலையாட்டுவார் அல்லது உதட்டைச் சுழித்துத் திருத்துவார். சாமி தேடியதுபோல இரண்டு பாஷைக்கும் சொந்தம் எதுவும் அகப்படவில்லை. எண்ணிக்கை வேறு, உறவுமுறை வேறு, மாடு வேறு, மழை வேறு. வீடு மட்டும் ஏதோ தற்செயலாக ஒத்துப்போயிருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். சர்க்கரைக்கு மங்கோலியத்தில் சிஹெர், காஷ்மீரியில் ஷகர் என்று வந்த நாள் துள்ளிக் குதித்தார். அப்புறம் மூன்றாவது பத்தியையும் முதல் பத்தியையும் சேர்த்துப் பார்த்தால் நம்ம சர்க்கரையேதான். ஒரே மூட்டையிலிருந்து எல்லாரும் எடுத்திருக்கிறார்கள்.

இப்படி ஒருநாள் அவர்கள் இருந்தபோது எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. குலாம் பாய் ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உப்பு. ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிக் குடித்து, அப்பாடா என்று கண்ணை மூடினார். அவர்கள் ஊரில் டீக்கு உப்புத்தானாம். இந்த டீயும் அந்த டீயும் வேறுவேறு, இருந்தாலும் உப்பாவது இருக்கட்டும் என்றார்.

சாமி அசையாமல் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பனிக்காலமாக பாய்க்குத் தன் அறையில் காப்பிதான் கொடுத்திருக்கிறார், அதனால் இது தெரியாமலே போயிருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்துத் தன் குவளையில் போட்டார். குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபது ஆண்டுகள் நான் இப்படித்தான் குடித்தேன், அந்தோணியம்மாள்" என்றார். "அவர்களும் உப்புத்தான் இடுவார்கள். சொற்களில் தேடிக்கொண்டிருந்தேன். இது குவளைக்குள் இருந்திருக்கிறது."

அன்றிலிருந்து இருவரும் உப்பு டீதான். எனக்கும் அண்ணனுக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். நான் மரியாதைக்காக விழுங்கினேன், அண்ணன் மரியாதை பார்க்காமல் துப்பினார். விஷயம் எதிர்க்கடைக்குப் போய், டீ மாஸ்டர் கரண்டியோடு வந்துவிட்டார். என் டீயில் அப்படி என்ன கொறை கண்டீங்க, உப்புப் போட நான் என்ன கஞ்சியா காய்ச்சித் தாரேன் என்று அவருக்கு ஆற்றாமை. சாமி எழுந்து நின்று கைகூப்பி, "ஐயா, தங்கள் தேநீர் குற்றமற்றது" என்றதும் மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சகமே சிரித்தது. முதலாளி மட்டும் கணக்கு நோட்டைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

பத்திகளின் மேலே தமிழ், மங்கோலியம், காஷ்மீரி என்று மூன்று தலைப்பு வார்த்தைகள் உண்டல்லவா, அவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் புதிதாகக் கோக்க மாட்டோம். நாலு பக்கத்துக்கும் ஒரு தடவை பெரிய எழுத்தில் கோத்து, அச்சானதும் கழற்றி, அடுத்த பாரத்தின் தலையில் வைத்துவிடுவோம். சாமி பிழை பார்ப்பது பத்திகளை மட்டும்தான். தலைப்பு ஏறுவது கடைசியில், பக்கம் கட்டும்போது. அதை அண்ணன் ஒரு பார்வை பார்ப்பார், எழுத்து நேராக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று. அவருக்கு அந்தப் பாஷைகள் தெரியாது.

வினைச்சொற்கள் வந்த ஒரு பாரம். காலையில் முந்நூறு தாளும் அடித்து முடித்துக் கொடியில் காயப் போட்டாயிற்று. மத்தியானம் நான் மண்ணெண்ணெயில் எழுத்துகளைத் துடைத்து, பிரித்து, குழியில் போட உட்கார்ந்தேன். முதலில் தலைப்பைக் கழற்றினேன். காஷ்மீரி என்ற வார்த்தை என் இடது கையில் இருந்தது. வலது கை அதன் கீழே இருந்த வரியை எடுத்தது. ஹ். அடுத்த வரி. ஹ். மூன்றாவது வரி. அதிலும் ஹ்.

கை நின்றுவிட்டது. காஷ்மீரிக்கு ஏது இத்தனை ஹ்?

ஓடிப்போய்க் கொடியில் தொங்கிய தாளைப் பார்த்தேன். நாலு பக்கத்திலும் மங்கோலிய வார்த்தைகளின் தலையில் காஷ்மீரி என்று இருந்தது, காஷ்மீரியின் தலையில் மங்கோலியம். முந்தின பாரம் முடிந்து தலைப்புகளைக் கழுவித் திருப்பி வைத்தபோது, கண்ணாடி எழுத்தில் இடமும் வலமும் எனக்கு மாறியிருக்கிறது. முதல் பக்கத்தில் மாறியதைப் பார்த்தே மற்ற மூன்றையும் வைத்துவிட்டேன்.

சிவப்பு நீலத் துண்டுத் தாள்கள் சாமியிடம் திரும்பிப் போய்விட்டன. சாமிக்கோ கண் மங்கல், காய்ந்த தாளை மறுபடி படிக்கப் போவதில்லை. பாய்க்குத் தமிழ் படிக்க வராது. இந்த ஜில்லாவில், ஏன் இந்த ராஜ்யத்தில், இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் கிடையாது. நான் வாயைத் திறக்காமல் எழுத்துகளைக் குழியில் போட்டுவிட்டால் புத்தகம் சுத்தமாக முடிந்துவிடும், நான் கம்பாசிட்டர். வாயைத் திறந்தால் பாரம் பாழ், நான் மடிப்பு அறை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. சாமி உப்பு டீயைக் குடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்ததுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. அந்த மனிதர் இருபது வருஷ வாழ்க்கையை டின்னில் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்திருக்கிறார். அதன் தலையில் நான் வேறு பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கடலை உடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எப்படித் தாயி தெரியும்? படிக்கத் தெரியாதே அது."

"ஹ் கையில வருது அண்ணே. காஷ்மீரில அது வராது."

அவர் எழுந்து தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் உறுதி வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமி வீட்டுக்குப் போய்விட்டார். நான் முதலாளி மேசை முன்னால் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதலாளி பேனாவை மூடி வைத்தார்.

அரை மணியில் சாமி வந்தார், கூடவே பாய். சாமி தாளை மூக்கில் ஒட்டிப் பிடித்துப் படித்தார். காஷ்மீரி, இரெஹ். காஷ்மீரி, யவஹ். திட்டப் போகிறார் என்று பார்த்தால், உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். குலாம் பாய்க்கு அவர் அதை விளக்க, அவரும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர்.

மறுபடி அடித்துக்கொள்ளலாம், பத்திகள் இன்னும் பிரியவில்லையே என்று அண்ணன் சொன்னார். முதலாளி தலையாட்டிவிட்டு, மிச்சப் புத்தகத்தை வேறு ஆள் முடிப்பான் என்றார். பேசினது பேசினதுதான், இந்தப் பெண்ணும் சம்மதித்துத்தான் வந்தது.

சாமி சிரிப்பை நிறுத்தினார். மற்ற நால்வருக்கும் இவ்விரு மொழிகளை வேறுபடுத்தத் தெரியுமா என்று கேட்டார். சாமி ஒரு சுண்ணக்கட்டியை வாங்கி, பக்கம் கட்டுகிற கருங்கல் மேசையின் மேல் பத்து வார்த்தைகளை எழுதினார். எதுவும் அதுவரை அச்சில் வராத வார்த்தை. எது மங்கோலியம், எது காஷ்மீரி என்று சொல்லுங்கள் என்றார். நாலு கம்பாசிட்டர்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் ஐந்து சரியாகச் சொன்னார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மாதிரிதான். கண்வலிக்காரர் எல்லாவற்றையும் காஷ்மீரி என்றார்.

பிறகு நான். மேசையைத் தலைகீழான பக்கத்திலிருந்து பார்த்தேன், அதுதான் எனக்கு வாகு. இது மங்கோலியம், இது மங்கோலியம், இது காஷ்மீரி என்று வந்துகொண்டே இருந்தேன். ஒன்பது முடிந்தது, ஒன்பதும் சரி. பத்தாவதில் "ஸ்னேவ்" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

"சாமி, இது ரெண்டு பெட்டியிலயும் சேராது" என்றேன். "ஸ்-உம் னே-யும் இப்படி ஒட்டிக்கிட்டு வந்ததே இல்ல."

சாமி சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தார். கையில் ஒட்டியிருந்த வெள்ளையைத் துடைக்கக்கூட இல்லை.

"அது என் தாயாரின் மொழி" என்றார். "எங்கள் ஊரில் பனிக்கு அப்படிச் சொல்வோம்."

குலாம் பாய்தான் முதலில் பேசினார். எனக்குத் தெரிந்து அவர் முழுசாகப் பேசிய தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான். "இந்தப் பொண்ணு கையில காதிருக்கு" என்றார்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? என் கல்யாணத்தன்றுகூட அப்படி வரவில்லை, இதை வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் மேசையில் இருந்த பத்து வார்த்தைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

"பாரம் பாழாப் போச்சு. நாளைக்கு இது மடிப்பு ரூம்லதான்."

சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அண்ணன் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பாழான முந்நூறு தாளையும் என்ன செய்வது என்று பேச்சு மாறியது. குலாம் பாய் எனக்குக் கொடுங்கள், சால்வை சுற்ற ஆகும் என்றார். அந்த வருஷம் கொடைக்கானல் பங்களாக்களுக்குப் போன காஷ்மீர் சால்வைகளெல்லாம் காஷ்மீரித் தலைப்பின் கீழ் இருந்த மங்கோலியத்தில்தான் சுற்றிப் போயின.

மறுநாள் காலையில் மடிப்பு அறையில் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். மற்ற பெண்கள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் மூங்கில் பட்டையை நகர்த்திக் கொடுத்தார்கள். வந்து விழுந்த தாள் என்னுடையதுதான். தலைப்பை மாற்றி அண்ணனே விடியற்காலையில் வந்து திருப்பி அடித்திருந்தார். மங்கோலியம் மங்கோலியத்தின் தலையில், காஷ்மீரி காஷ்மீரியின் தலையில். முதலாளி மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தாளை மடிக்க மடிக்கக் கோபம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு தாளைக்கூட மற்ற பெண்களுக்கு விடாமல் நானே மடித்தேன்.

மத்தியானம் முன்னறையிலிருந்து ரம்பத்தின் சத்தம் கேட்டது. சவரிமுத்து அண்ணன் வாசலில் வந்து நின்று, மொதலாளி கூப்பிடுறாரு என்றார். போனேன். என் எழுத்துப் பெட்டிகளை ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்துக் கீழே அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டி நிற்கிற மரச்சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு தச்சர் பக்கத்தில் குந்தியிருந்தார். ரம்பத்தைக் கட்டை ஒன்றில் இழுத்துக் கூர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டங்களெல்லாம் ஆண்களின் உயரத்துக்குச் செய்தவை. அத்தனை மாதமும் நான் காகிதப் பெட்டியின் பலகை ஒன்றைக் காலடியில் போட்டு, அதன்மேல் நின்றுதான் கோத்தேன். முதலாளி அதைப் பார்த்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

"சொன்ன வார்த்தைக்கு ஒருநாள் மடிப்பு முடிஞ்சுது" என்றார் முதலாளி, என்னைப் பார்க்காமல் தச்சரைப் பார்த்து. "நாலு காலையும் இந்தப் புள்ள ஒசரத்துக்கு அறுத்துருங்க."

தச்சருக்குத் தயக்கம். அறுத்துவிட்டால் அப்புறம் ஆம்பளை யாரும் இதில் நின்று வேலை செய்ய முடியாதுங்களே, திருப்பி ஒட்டவும் முடியாது என்றார்.

"தெரியும். அறுங்க" என்றார் முதலாளி.

நான் கவிழ்ந்து கிடந்த சட்டத்தின் பக்கத்தில் போய், வெறுந்தரையில் நேராக நின்று முழங்கையை மடக்கினேன். தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்து அளவு குறித்தார்.